ரசீது உள்ள செலவு: ஆப்பிரிக்கப் போர்களில் நிவாரணப் பணம் போன வழி

ஊலி என்ற பெயரை இன்று வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கிழக்கு நைஜீரியாவில் ஒரு சிற்றூர். பியாஃப்ராப் போரின்போது அந்த வழியே போன தார்ச் சாலையில் நேராக இருந்த ஒரு பகுதியை அகலப்படுத்தி, விமானம் இறங்கும்படி செய்தார்கள். பகலில் தழை போட்டு மூடி வைப்பார்கள். இருட்டிய பிறகு, விமானம் தலைக்கு மேலே வந்ததும் சில நிமிடங்களுக்கு மட்டும் விளக்கு எரியும். இறங்கிய விமானங்கள் சிலவற்றில் நார்வேயிலிருந்து வந்த உலர்மீன், பால்பவுடர், உப்பு. வேறு சிலவற்றில் துப்பாக்கியும் தோட்டாவும். 1968இன் முதற்பாதியில் இந்த இரண்டு வகைச் சரக்கையும் ஏற்றி வந்தவை ஒரே ஆளின் விமானங்கள். அவர் ஹாங்க் வார்ட்டன் என்ற அமெரிக்கர். பியாஃப்ரா அரசுக்கு ஆயுதம் கொண்டுவருவது அவர் தொழில். தேவாலய அமைப்புகள் தங்கள் முதல் மூட்டைகளை அவருடைய விமானங்களில் இடம் வாடகைக்கு எடுத்துத்தான் அனுப்பின. அந்த ஓடுபாதையில் இறங்குவதற்கான ரகசியக் குறிப்புகள் அப்போது அவருடைய ஆட்களிடம்தான் இருந்தன.

அந்த வாடகையில் திருட்டு ஏதும் இல்லை, கையாடலும் இல்லை. எந்தத் தணிக்கையாளரும் சரி என்று கையெழுத்துப் போடக்கூடிய, ரசீது உள்ள செலவு. ஐரோப்பாவில் ஞாயிறு வழிபாட்டில் தட்டில் விழுந்த காசு, ஆயுதம் ஏற்றும் விமானத்துக்கு எரிபொருள் வாங்கித் தந்தது, அவ்வளவுதான்.

ஆப்பிரிக்கப் போர்களில் மனிதாபிமான உதவிக்கென்று போன பணத்தின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு தொடங்குகிறார்கள்: எவ்வளவு திருட்டுப் போனது? செய்தித்தாளுக்கு நல்ல கேள்வி. ஆராய்ச்சிக்கு அது ஆளைத் திசைமாற்றும் கேள்வி என்பது என் எண்ணம். பியாஃப்ரா தொடங்கி சோமாலியா வரைக்கும், போரை நடத்தியவர்களின் கைக்கு நிவாரணப் பணம் போன வழிகளை வரிசையாகப் பார்த்தால், திருட்டைவிட ரசீதோடு போன செலவே அதிகம் கண்ணில் படுகிறது. செலாவணி மாற்று விகிதம், லாரி வாடகை, காவல் கூலி, தலைக்கணக்கு ஆகியவைதான் அந்த வழிகள். பேரேட்டில் யாரும் நிறுத்திப் படிக்காத வரிகள் இவை.

பியாஃப்ராவையே இன்னும் கொஞ்சம் பார்ப்போம். பிறகு வந்த எல்லாவற்றுக்கும் அதுவே முன்மாதிரி.

1967 மே 30 அன்று கிழக்கு நைஜீரியாவின் ராணுவ ஆளுநர் ஓஜுக்வு, அந்தப் பகுதியை பியாஃப்ரா என்ற தனி நாடாக அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டு வடக்கில் இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டிருந்தார்கள். உயிர் தப்பியவர்கள் கிழக்கே ஓடி வந்திருந்தார்கள். ஜூலையில் போர் தொடங்கியது. 1968 மே மாதம் போர்ட் ஹார்கோர்ட் துறைமுகம் நைஜீரியக் கூட்டாட்சிப் படையிடம் விழுந்தது. அதோடு கடல் வழி முழுவதுமாக அடைபட்டது. வடக்கிலிருந்து வந்த மாட்டிறைச்சியும் கடல் வழியே வந்த உலர்மீனும் நின்றுபோனதால், கிழங்கு மட்டும் தின்ற குழந்தைகளுக்குப் புரதப் பற்றாக்குறை வந்தது. கால் வீங்கி, தலைமுடி செம்பட்டையாகும் அந்த நோய்க்கு மருத்துவர்கள் சொல்லும் 'குவாஷியோர்கோர்' என்ற பெயர், மேற்கு ஆப்பிரிக்காவின் இன்னொரு நாடான கானாவின் கா மொழிச் சொல். 1930களில் அங்கே வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் அதை மருத்துவ நூலுக்குக் கொண்டுவந்தார். 1968 கோடையில் அந்தக் குழந்தைகளின் படங்கள் ஐரோப்பியப் பத்திரிகைகளில் வந்தன. அதற்கு முன்பே பியாஃப்ரா அரசு, ஜெனீவாவிலிருந்த மார்க்பிரஸ் என்ற விளம்பர நிறுவனத்தைக் கூலிக்கு அமர்த்தியிருந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். படங்கள் உண்மை, பசி உண்மை, அதை உலகத்தின் கண் முன்னால் கொண்டுபோய் வைக்க ஒரு பட்டுவாடாவும் நடந்தது.

பணத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது. 1968 ஜனவரியில் லாகோஸிலிருந்த நைஜீரிய அரசு தன் பவுண்டு நோட்டுகளைத் திடீரென்று மாற்றியது. பியாஃப்ராவிடம் இருந்த பழைய நோட்டுக் கட்டுகள் வெளிச்சந்தையில் வெறும் காகிதமாயின. பியாஃப்ரா தனக்கென்று ஒரு பவுண்டை அச்சிட்டது. எல்லைக்கு வெளியே அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. ஆயுதம் விற்கிறவன் அதை வாங்க மாட்டான். ஆனால் உள்ளே வேலை பார்த்த மிஷன்களுக்கும் நிவாரண அமைப்புகளுக்கும் உள்ளூர் ஊழியர் சம்பளம், கிழங்கு, மரவள்ளி மாவு, லாரிக்கூலி என்று தினசரிச் செலவு இருந்தது. அதற்கு பியாஃப்ரா பவுண்டுதான் செல்லும். ஆகவே ஐரோப்பாவில் உள்ள கணக்கில் ஸ்டெர்லிங்கோ டாலரோ கட்டினால், அரசு நிர்ணயித்த விகிதத்தில் உள்ளே பியாஃப்ரா பவுண்டு கிடைக்கும் என்று ஏற்பாடு. வெளியே கட்டிய பணம் அரசின் கையில் நல்ல செலாவணி. அதற்குப் பதிலாக அரசு கொடுத்தது தானே அச்சடித்த தாள். ஓஜுக்வுவின் அரசு ஒரு மூட்டையைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை.

விமானங்கள் செய்த இன்னொரு உதவி கணக்கில் ஏறவே முடியாதது. இரவில் ஊலிக்கு மேலே பத்துப் பதினைந்து விமானங்கள் சுற்றினால், அவற்றில் எது பால்பவுடர், எது தோட்டா என்று கீழே இருப்பவனுக்கோ மேலே துரத்துகிறவனுக்கோ தெரியாது. நிவாரண விமானம் ஆயுத விமானத்துக்குத் திரையாக நின்றது. அதனால்தான் பகலில் பறக்கும் திட்டங்களை பியாஃப்ரா ஏற்கவில்லை. 1969 செப்டம்பரில் செஞ்சிலுவைச் சங்கம் நைஜீரிய அரசோடு பகல் விமானங்களுக்கு ஓர் உடன்பாடு செய்துகொண்டபோது, அதை நிராகரித்தது பசியில் கிடந்த பக்கத்தின் அரசுதான். பகலில் பறக்கும் நிவாரண விமானங்களின் மறைவில் கூட்டாட்சிப் படை தாக்கும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அதுவும் வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது.

இந்தக் குழப்பம் முழுவதும் ஒரே மனிதருக்குள் குடியிருந்ததைப் பார்க்க வேண்டுமானால் ஸ்வீடன் பிரபு கார்ல் குஸ்தாவ் வான் ரோசனின் வாழ்க்கையைப் படிக்கலாம். 1935-36இல் எத்தியோப்பியா மீது இத்தாலி படையெடுத்தபோது செஞ்சிலுவை ஆம்புலன்ஸ் விமானம் ஓட்டியவர் அவர். 1968 ஆகஸ்டில் தாழப் பறந்து ஊலிக்கு நிவாரணம் கொண்டுபோய், வார்ட்டனின் ஏகபோகத்தை உடைத்தார். அடுத்த ஆண்டு மே மாதம், ராக்கெட் பொருத்திய சின்னஞ்சிறு விமானங்களுடன் திரும்பி வந்து நைஜீரிய விமானத் தளங்களைத் தாக்கினார். சில நாள் கழித்து, ஜூன் 5 அன்று, நைஜீரிய மிக் விமானம் ஒன்று செஞ்சிலுவைச் சங்கத்தின் நிவாரண விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. வான் ரோசன் பிறகு மறுபடி எத்தியோப்பியாவில் பஞ்சப் பகுதிகளுக்கு விமானத்திலிருந்து உணவு போடும் வேலைக்குப் போனார். 1977 ஜூலையில் ஓகடென் போரின்போது கோடே என்ற இடத்தில் நடந்த தாக்குதலில் இறந்தார். ஒரு நாவலாசிரியன் இப்படி எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம்.

தேவாலயங்களின் கூட்டமைப்பு மட்டும் ஊலிக்கு 5,000 தடவைக்கு மேல் பறந்து சுமார் 60,000 டன் சரக்கு இறக்கியது. 1970 ஜனவரியில் பியாஃப்ரா சரணடைந்தது. அந்த உதவியால் போர் 18 மாதம் நீண்டது, அதனால் 1,80,000 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று கனடிய ஆய்வாளர் இயன் ஸ்மில்லி பின்னால் ஒரு கணக்குப் போட்டார். இந்த எண்ணை இன்றும் எல்லோரும் எடுத்தாளுகிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. வடக்கில் நடந்த படுகொலையைக் கண்ட மக்கள், பசித்தால் உடனே சரணடைந்திருப்பார்கள் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. சரணடைந்த மறுநாள் சோறு கிடைத்திருக்கும் என்றும் எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. உதவியால் பிழைத்தவர்களின் எண்ணிக்கையும் யாரிடமும் இல்லை. போரில் மொத்தம் இறந்தவர்கள் ஐந்து லட்சமா முப்பது லட்சமா என்பதிலேயே மதிப்பீடுகள் இவ்வளவு விலகி நிற்கும்போது, அதிலிருந்து 1,80,000 என்று பிரித்தெடுப்பது துல்லியம்போலத் தோன்றும் ஓர் ஊகம். ஆனால் செலாவணி போன வழி ஊகம் அல்ல.

இங்கே ஆவணங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 46/182ஆம் தீர்மானத்துக்குப் பிறகுதான் மனிதாபிமான உதவிக்கென்று ஒருங்கிணைந்த வேண்டுகோளும், 1992 முதல் பணத்தைப் பதிவுசெய்யும் ஐ.நா. ஏடும் வந்தன. அதற்கு முன் உள்ள காலத்துக்கு ஒவ்வோர் அமைப்பின் பெட்டியையும் தனித்தனியே திறந்தாக வேண்டும். ஆக்ஸ்ஃபாமின் ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டின் பொட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. கிறிஸ்டியன் எய்ட் ஆவணங்கள் லண்டனில். சேவ் த சில்ட்ரன் ஆவணங்கள் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில். சூடான் பற்றிய பெருந்தொகுப்பு டர்ஹாமில். எல்லாம் பிரிட்டனில் என்பதைக் கவனியுங்கள். பணம் புறப்பட்ட இடத்தின் காகிதம் பத்திரமாக இருக்கிறது. பணம் போய்ச் சேர்ந்த இடத்தின் காகிதத்துக்கு அப்படி ஒரு குளிரூட்டிய அறை அமையவில்லை. அதனால் நாம் படிக்கும் வரலாறு பெரும்பாலும் அனுப்பியவனின் வரலாறு.

அனுப்பியவனின் காகிதத்திலும் ஒரு பொறி உண்டு. 'இத்தனை கோடி டாலர் உதவி' என்று புள்ளிவிவரத்தில் வரும் தொகை முழுவதும் ஆப்பிரிக்காவுக்குப் போனது என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கா 1954இல் தொடங்கிய உணவு உதவிச் சட்டத்தின்படி அந்தத் தானியம் அமெரிக்க விவசாயியிடம் வாங்கப்பட்டது. அதே ஆண்டின் இன்னொரு சட்டம், அந்தச் சரக்கில் பாதியையாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில்தான் ஏற்ற வேண்டும் என்றது. 1985இல் அந்தப் பங்கு 75 சதவீதமாயிற்று, 2012இல்தான் மறுபடி பாதிக்கு இறங்கியது. எத்தியோப்பியப் பஞ்சம் உச்சத்தில் இருந்த ஆண்டில்தான் கப்பல் முதலாளிகளுக்கு அந்தக் கூடுதல் பங்கு கிடைத்தது. மூட்டைத் திருட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் கப்பல் கட்டணத்தைப் பற்றி ஏன் அவ்வளவு எழுதுவதில்லை என்று அவ்வப்போது தோன்றும். கப்பலுக்கு ரசீது இருக்கிறது, அதனாலாக இருக்கும்.

1984 அக்டோபர் 23 அன்று பிபிசி தொலைக்காட்சியில் மைக்கேல் பர்க் அளித்த செய்தி, மொஹமத் அமீனின் ஒளிப்பதிவோடு, எத்தியோப்பியாவின் கோரெம் முகாமை உலகத்தின் வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் மெங்கிஸ்டுவின் ராணுவ ஆட்சி அடிஸ் அபாபாவில் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவைத் தடபுடலாகக் கொண்டாடி முடித்திருந்தது. அந்த டிசம்பரில் பாண்ட் எய்ட் பாடல், மறு ஆண்டு ஜூலை 13 அன்று லைவ் எய்ட் கச்சேரி. பத்துக் கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. மழை பொய்த்ததால் வந்த பஞ்சம் என்றுதான் அந்தப் பணம் கொடுத்தவர்கள் நினைத்தார்கள். பஞ்சத்தின் மையம் திக்ரே, வொல்லோ, எரித்ரியா. அவற்றில் திக்ரேயும் எரித்ரியாவும் அரசோடு போரிட்டுக்கொண்டிருந்த பகுதிகள். மழை எல்லையைப் பார்த்துப் பெய்வதில்லை. ராணுவம் பார்த்துத்தான் சந்தைகளை அடைக்கும், விளைச்சலை எரிக்கும்.

அரசுப் பக்கத்தில் பணம் போன வழி நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். எத்தியோப்பியாவின் நாணயமான பிர், 1973 முதல் ஒரு டாலருக்கு 2.07 என்று கட்டிப்போடப்பட்டிருந்தது. 1992இல் ஆட்சி மாறிய பிறகு அதிகாரபூர்வ விகிதமே 5 ஆனது. நடுவிலிருந்த ஆண்டுகளில் கள்ளச் சந்தையில் டாலருக்குக் கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் நிவாரண அமைப்பு சட்டப்படி வங்கியில்தான் மாற்ற வேண்டும். அலுவலக வாடகை, ஓட்டுநர் சம்பளம், துறைமுகக் கட்டணம் என்று மாற்றிய ஒவ்வொரு டாலரிலும் ஒரு பகுதி அரசுக்கு மறைமுக வரி. சகாராவுக்குத் தெற்கே இருந்த மிகப்பெரிய படைகளில் ஒன்றுக்கு அந்த அரசு சோறு போட்டுக்கொண்டிருந்தது. கூடவே, வடக்கிலிருந்து சுமார் 6 லட்சம் பேரைத் தென்மேற்குக்குப் பெயர்த்த குடியேற்றத் திட்டம் நடந்தது. பலர் கட்டாயமாக ஏற்றப்பட்டார்கள். அதை வெளிப்படையாகக் கண்டித்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுக் கிளை 1985 டிசம்பரில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. கண்டித்தால் வெளியேற்றம், வாய் மூடினால் உள்ளே இருக்கலாம் என்ற பேரத்தை மற்ற அமைப்புகள் புரிந்துகொண்டன.

கிளர்ச்சிப் பக்கம் ஆராய்ச்சியாளருக்கு இன்னும் சுவையானது. 1981 முதல் சூடானிலிருந்து எல்லை தாண்டி எரித்ரியாவுக்கும் திக்ரேக்கும் தேவாலய அமைப்புகள் சில கூடி உதவி அனுப்பின. வெளியே விளம்பரம் இல்லை. எத்தியோப்பிய விமானங்களுக்குப் பயந்து லாரிகள் இரவில் ஓடும். விடியும் முன் மரத்தடியில் ஒதுங்கிவிடும். பியாஃப்ராவைப் போலவே இங்கும் இருட்டு. உள்ளே பட்டுவாடா செய்தவை கிளர்ச்சி இயக்கங்களின் சொந்த நிவாரணக் கிளைகள். தானியம் மட்டும் போகவில்லை. திக்ரேயின் மேற்கில் விளைச்சல் மிஞ்சிய பகுதிகளில் தானியம் வாங்கிக் கிழக்கே அனுப்ப ரொக்கமும் போனது.

2010இல் இந்த ரொக்கம் செய்தியாயிற்று. திக்ரே விடுதலை முன்னணியின் முன்னாள் தளபதி அரெகாவி பெர்ஹே, அப்படி வந்த சுமார் பத்துக் கோடி டாலரில் 95 சதவீதம் ஆயுதத்துக்கும் கட்சி வேலைக்கும் போனதாக பிபிசி வானொலியில் சொன்னார். இன்னொரு முன்னாள் போராளி, தான் வணிகனாக வேடமிட்டுத் தானியம் விற்றதாகவும் அடியில் கிடந்த மூட்டைகளில் மணல் இருந்ததாகவும் சொன்னார். அந்தப் பணம் பாண்ட் எய்டுடையது என்று செய்தி உலகமெங்கும் பரவியது. பாண்ட் எய்டைத் தொடங்கிய பாப் கெல்டாஃப் கொதித்தார். நவம்பரில் பிபிசி, பாண்ட் எய்ட் பணம் அப்படித் திசைமாறியதற்கு ஆதாரம் இல்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

இதை ஆய்வுமுறைக்கு ஒரு பாடமாகவே நான் வைப்பேன். அரெகாவி 1985 வாக்கில் இயக்கத்தின் தலைமைப் போட்டியில் தோற்று வெளியேறியவர்; அவரை வென்ற பக்கத்தில் இருந்த மெலஸ் செனாவி 2010இல் நாட்டின் பிரதமர்; அந்த மே மாதம் அங்கே தேர்தல். சாட்சிக்குப் பகை இருப்பதால் சாட்சி பொய் என்று ஆகாது. எடை போடாமல் எடுத்துக்கொள்ளவும் கூடாது. மறுபக்கம், திரட்டிய நிவாரணப் பணத்தில் ஒரு பகுதி ராணுவக் காரியங்களுக்குத் திருப்பப்படுவது ஏறக்குறைய நிச்சயம் என்று 1985லேயே அமெரிக்க உளவுத்துறையின் மதிப்பீடு ஒன்று எழுதியிருக்கிறது. அது யாருடைய பணம், எவ்வளவு என்று அதுவும் சொல்லவில்லை. மணல் மூட்டைக் கதையில் எல்லோரும் மயங்கியபோது கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. மூட்டை முழுக்க நல்ல தானியமே இருந்தது என்று வையுங்கள். அதை விற்றவன் இயக்கத்தின் ஆள், அல்லது இயக்கத்துக்கு வரி கட்டும் வணிகன். வாங்கிய ரொக்கம் எங்கே போகும்? ஏமாற்றே இல்லாத வியாபாரத்திலும் அந்தச் செலாவணி இயக்கத்தின் பகுதிக்குள்தான் தங்கும். அந்தத் தானியத்தைத் தின்று பல்லாயிரம் பேர் சூடானுக்கு நடக்காமல் ஊரிலேயே பிழைத்தார்கள் என்பதும் அதே வியாபாரத்தின் பகுதி.

தலைக்கணக்குக்கு வருவோம். 1977-78 ஓகடென் போரில் தோற்ற சோமாலியாவுக்குள் அகதிகள் வெள்ளமாக வந்தார்கள். சியாட் பாரே அரசு 15 லட்சம் பேர் என்றது. உதவி அமைப்புகளின் மதிப்பீடுகள் அதில் பாதியளவில் நின்றன. பேரம் பேசி நடுவில் ஓர் எண்ணை ஒப்புக்கொண்டு, பல ஆண்டுகள் அந்த எண்ணுக்கே உணவு அனுப்பினார்கள். இல்லாத அகதிக்கு வந்த மூட்டை ராணுவத்துக்கும் சந்தைக்கும் போனது. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு பெயர் இருந்தது, அட்டை இருந்தது, கைநாட்டு இருந்தது. நம் ஊர் ரேஷன் கடைகளில் போலி அட்டை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இங்கே போலி அட்டை வைத்திருந்தது ஓர் அரசு.

பதினைந்து ஆண்டு கழித்து சயீர் நாட்டின் கோமாவில் அதே வித்தையை, அரசு இழந்த ஓர் அரசு செய்தது. 1994 ஜூலையில் ருவாண்டாவின் இனப்படுகொலையை நடத்தியவர்களும், அவர்கள் ஓட்டிக்கொண்டு வந்த மக்களும் சில நாட்களுக்குள் எல்லை தாண்டி சயீருக்குள் நுழைந்தார்கள். எரிமலைப் பாறை நிலம். குழி தோண்டக்கூட முடியாது. காலரா பல்லாயிரம் பேரைக் கொன்றது. முகாம்களில் மக்களைப் பழைய ஊர் வாரியாக உட்காரவைத்து, பழைய ஊர்த்தலைவர்கள் வழியாகவே உணவு பட்டுவாடா நடந்தது. தலையை எண்ணியவர்களும் அவர்களே. கொலைக்கு ஆள் திரட்டிய அதே நிர்வாக அடுக்கு இப்போது மூட்டைக்கு ஆள் திரட்டியது. எல்லைகளற்ற மருத்துவர்களின் பிரெஞ்சுக் கிளை அந்த நவம்பரில் விலகியது, மற்றவர்கள் இருந்தார்கள். முகாமைக் காக்க எந்த நாடும் படை தராதபோது, ஐ.நா. அகதிகள் ஆணையம் 1995இல் சயீர் அதிபர் மொபுட்டுவின் சிப்பாய்கள் சுமார் 1,500 பேருக்குத் தானே சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. மொபுட்டு தன் சிப்பாய்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்காதவர் என்பதால், இவர்கள் ஓரளவு ஒழுங்காகவே வேலை செய்தார்கள் என்று கேள்வி.

1994 ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை ருவாண்டா நெருக்கடிக்குச் செலவான உதவி சுமார் 140 கோடி டாலர் என்று பல நாடுகள் சேர்ந்து நடத்திய மதிப்பாய்வு 1996இல் கணக்கிட்டது. படுகொலை நடந்த நூறு நாட்களில் அதைத் தடுக்க உலகம் என்ன செலவழித்தது என்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்த அறிக்கையே இடம் தருகிறது. மனிதாபிமானச் செலவு அரசியல் செயலுக்கு மாற்றாக வைக்கப்பட்டது என்பதுதான் அதன் கடுமையான தீர்ப்பு.

தென் சூடானில் ஒரு வித்தியாசம். அங்கே 1989இல் யூனிசெஃபின் ஜேம்ஸ் கிராண்ட் முன்னின்று, அரசிடமும் கிளர்ச்சியாளரிடமும் ஒரே நேரத்தில் ஒப்புதல் வாங்கி 'சூடான் உயிர்நாடித் திட்டம்' தொடங்கப்பட்டது. இரு தரப்புக்கும் உணவு, இரு தரப்பின் அனுமதியோடு. கென்ய எல்லையில் லோக்கிச்சோகியோ என்ற கிராமம் அதனால் பரபரப்பான விமானத் தளமாயிற்று. 1998இல் பஹர் எல் கஸால் பஞ்சத்தின்போது திட்டத்தின் செலவு ஒரு நாளைக்குப் பத்து லட்சம் டாலர் என்று பேசப்பட்டது. அதில் பெரும்பகுதி விமான எரிபொருள்.

கிளர்ச்சிப் படைக்கு மக்கள் தானியம் கொடுக்கும் வழக்கம் அங்கே முன்பே இருந்தது; 'தாயீன்' என்று அதற்குப் பெயர். விளைந்தபோது விளைச்சலிலிருந்து கொடுத்தார்கள். வானத்திலிருந்து மூட்டை விழுந்தபோது மூட்டையிலிருந்து கொடுத்தார்கள். 1998இல் கூட்டு ஆய்வுக் குழு ஒன்று போய்ப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மிகவும் நலிந்தவர்களுக்கென்று அமைப்புகள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த உணவை, பட்டுவாடா முடிந்ததும் ஊர்த்தலைவர்கள் திரும்பத் திரட்டி, குடிவழிப்படி எல்லோருக்கும் பங்கிட்டார்கள். திட்ட அறிக்கையின் மொழியில் இது 'திசைமாற்றம்'. அங்கே வாழும் தின்கா மக்களின் வழக்கத்தில், ஒரு விதவைக்கு மட்டும் கொடுத்து அவள் உறவுகளை விட்டுவிடுவதுதான் முறைகேடு. அந்தப் பங்கீட்டில் ஊரோடு உறவில்லாத இடம்பெயர்ந்தோர் விடுபட்டு இறந்தார்கள் என்பதும் உண்மை. ஒரே மூட்டை ஒருவர் கணக்கில் திருட்டு, இன்னொருவர் கணக்கில் நியாயம், மூன்றாமவர் கணக்கில் மரணம். இதைப் பதிவுசெய்யப் பேரேட்டில் எந்தத் தலைப்பும் இல்லை.

சோமாலியாவில் அப்படி ஒரு தலைப்பைக் கண்டுபிடித்தார்கள். 1991 ஜனவரியில் பாரே ஓடிய பிறகு மொகதிஷுவில் துப்பாக்கி இல்லாமல் ஒரு லாரிகூட நகராது. செஞ்சிலுவைச் சங்கம் தன் கொள்கையை மீறி ஆயுதக் காவலர்களை வைத்துக்கொள்ள நேர்ந்தது. காவல் கூலியை நேராக எழுத முடியாததால் அமைப்புகள் அதைத் 'தொழில்நுட்ப உதவி' என்ற தலைப்பில் போட்டன என்றும், பின்னால் இயந்திரத் துப்பாக்கி பொருத்திய திறந்த வண்டிகளுக்கு 'டெக்னிக்கல்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது என்றும் ஒரு கதை பரவலாக வழங்குகிறது. சொற்பிறப்பு சரியோ தவறோ, நிவாரணத்தைக் கொள்ளையிட்ட துப்பாக்கிக்கும் அதைக் காத்த துப்பாக்கிக்கும் பல இடங்களில் ஒரே குலத்தலைவர்தான் கூலி வாங்கினார். கூலியைத் தவிர வண்டி வாடகை, வீட்டு வாடகை, விமானம் இறங்கும் கட்டணம்.

1992 பிற்பகுதியில் 'உணவில் 80 சதவீதம் கொள்ளை போகிறது' என்ற எண் அமெரிக்கப் படையிறக்கத்துக்கு நியாயமாகக் காட்டப்பட்டது. களத்தில் மிகப்பெரிய பணி செய்துகொண்டிருந்த செஞ்சிலுவைச் சங்கத்தின் இழப்பு அதைவிட வெகு குறைவு என்று ஆய்வாளர் அலெக்ஸ் டி வால் போன்றவர்கள் அப்போதே மறுத்தார்கள். அச்சங்கம் மூட்டையாகக் கொடுக்காமல் ஊருக்கு ஊர் நூற்றுக்கணக்கான கஞ்சித்தொட்டிகள் வைத்துச் சமைத்துக் கொடுத்தது. வெந்த சோற்றைக் கடத்தி விற்க எவனும் வரமாட்டான். இந்த எளிய காரணத்தை 80 சதவீதக் கணக்கு விழுங்கிவிட்டது.

2010 மார்ச் மாதம் ஐ.நா.வின் கண்காணிப்புக் குழு வெளியிட்ட அறிக்கை, உலக உணவுத் திட்டம் சோமாலியாவுக்கு அனுப்பிய உணவில் பாதி வரைக்கும் ஒப்பந்தக்காரர், உள்ளூர்ப் பங்காளிகள், ஆயுதக் குழுக்கள் என்று பிரிந்து போவதாகச் சொன்னது. உலக உணவுத் திட்டம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. அறிக்கையில் பத்திரிகைகள் 'பாதி' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டன. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அடுத்த வரி: போக்குவரத்து ஒப்பந்தங்களில் 80 சதவீதம் மூன்றே மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் இருந்தது. லாரி வாடகை. ரசீது உள்ள செலவு.

அந்த அறிக்கைக்கு முன்பே பணம் சுருங்கத் தொடங்கியிருந்தது. 2008 மார்ச்சில் அமெரிக்கா அல்-ஷபாப் இயக்கத்தைப் பயங்கரவாத அமைப்பாக அறிவித்திருந்தது. தெற்கு சோமாலியாவில் வேலை செய்யும் எந்த நிவாரண அமைப்பும் வழியில் கட்டும் சிறு மாமூலுக்குக்கூட அமெரிக்கச் சட்டப்படி குற்றவாளியாகலாம் என்ற நிலை வந்தது. அமெரிக்க உதவி கடுமையாகச் சரிந்தது. 2010 ஜனவரியில் உலக உணவுத் திட்டம், அல்-ஷபாபின் மிரட்டலையும் அது கேட்ட கட்டணங்களையும் காரணம் காட்டித் தெற்கிலிருந்து விலகியது. அல்-ஷபாபும் தன் பங்குக்கு அமைப்புகளைத் தடைசெய்தது. அதன் பின் இரண்டு பருவ மழை பொய்த்தது. முன்னெச்சரிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. 2011 ஜூலை 20 அன்று ஐ.நா. பஞ்சத்தை அறிவித்தது. பயங்கரவாதச் சட்டத்தின் விதிகள் அதற்குப் பிறகுதான் நிவாரணத்துக்காகத் தளர்த்தப்பட்டன.

பியாஃப்ராவில் உதவி போனதால் இறந்தவர்கள் என்று ஒரு கணக்கை ஓயாமல் விவாதிக்கிறோம். உதவி போகாததால் இறந்தவர்களின் கணக்கும் இருக்கிறது. உணவு வேளாண்மை நிறுவனமும் பஞ்ச முன்னெச்சரிக்கை வலையமைப்பும் எடுக்கச் செய்த அந்த ஆய்வு 2013 மே மாதம் வெளியானது. அதன்படி 2010 அக்டோபரிலிருந்து 2012 ஏப்ரல் வரை தெற்கு, மத்திய சோமாலியாவில் பசியாலும் அதன் நோய்களாலும் இறந்தவர்கள் சுமார் 2,58,000 பேர். அவர்களில் ஐந்து வயது நிறையாதவர்கள் 1,33,000.